பத்துக்குப் பத்து

மூன்றாவது தடவையும் கணினி மண்ணைக் கவ்வியது. முதலில் உள்ளே இருந்த விசிறி இரைந்தது, அப்புறம் மவுஸ் அசைய மறுத்தது, கடைசியில் திரை வெளுத்துப்போய், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஒரு வார்த்தை பேசாத பையனைப் போல அப்படியே நின்றது. சின்னவள் பட்டனை அழுத்திப் பிடித்து அதை அணைத்தாள். அணைத்துவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அலுவலகத்தில் ஐந்து பேருக்கு அவள் தலைவி, பெரிய மீட்டிங்குகளில் அவள் பேசினால் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். இருந்தாலும் இங்கே அவளைச் சின்னவள் என்றே சொல்லலாம். அன்றைக்கு அவள் செய்ததெல்லாம் தங்கையாக இருந்து செய்தது. தலைவியாக இருந்திருந்தால் அதில் பாதியைச் செய்திருக்க மாட்டாள்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆளைப் பார்த்தால் லிஃப்டையே தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவான் போல இருந்தவன். அவனுக்கு ரத்தத்தில் நோய். எலும்புக்குள்ளே ரத்தத்தை உண்டாக்குகிற மஜ்ஜை கெட்டுவிட்டது, பொருந்துகிற இன்னொருவரின் மஜ்ஜையை வாங்கி ஏற்றினால்தான் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவளுடையது பொருந்தும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். பொருந்தவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்த இரண்டு பேருடைய உடம்பு ஒன்றையொன்று யாரென்று கேட்டது. அந்த ரிப்போர்ட்டை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

மஜ்ஜை தர முன்வந்தவர்களின் விவரங்களை வைத்திருக்கிற பதிவகங்கள் நாட்டுக்கு நாடு உண்டு. ஒவ்வொருவருக்கும் பத்து அடையாளங்கள் குறித்து வைத்திருப்பார்கள், அந்தப் பத்தும் நோயாளியோடு பொருந்த வேண்டும். டாக்டர் தேடக்கூடிய இடமெல்லாம் தேடிவிட்டார். அகப்பட்டவர்கள் ஆறும் ஏழுமாகத்தான் பொருந்தினார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நாட்டின் பழைய பதிவகம், இப்போதுதான் பொதுத் தேடலில் சேர ஒத்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த அத்தனை பேருடைய விவரத்தையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அதைப் பிரித்துப் படித்துப் பொதுத் தேடலில் சேர்க்கிற வேலை சின்னவளின் அலுவலகத்துக்கு வந்திருந்தது. அவள் மேலதிகாரியிடம் போய் ஒற்றைக் காலில் நின்று அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அந்த மேலதிகாரிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

இப்போது கோப்பு கையில் இருக்கிறது, திறக்க முடியவில்லை.

"மொத்தமா ஏத்தினா மெமரி தாங்காதுன்னு நேத்தே சொன்னேன்," என்றார் ஆமை.

ஆமை என்பவர் அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரர். வயதில் மூத்தவர், வேலையில் அவளுக்குக் கீழே. மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை மூன்று நாளில் முடிப்பார், ஆனால் முடித்ததை யாரும் திரும்பத் தொட வேண்டியிருக்காது. யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார்.

"வேற மெஷின் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"எந்த மெஷினுக்கும் இதே கதிதாங்க. ஓட விட்டுத்தான் படிக்கணும். எழுதிட்டு இருக்கேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தந்துடுறேன்."

எக்ஸ்எம்எல் என்பது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு விவரத்தையும், இங்கே தொடங்குகிறது இங்கே முடிகிறது என்று குறி போட்டு மூடி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கிற முறை. அதைப் படிக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. முழுவதையும் மெமரியில் ஏற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்ப்பது ஒன்று. சின்னக் கோப்புக்கு அது சொகுசு. இது மலை மாதிரி இருக்கிற கோப்பு, பரப்புவதற்குள் கணினிக்கு மூச்சு முட்டிவிடுகிறது. இன்னொன்று, வாசலில் நின்று ஊர்வலம் பார்ப்பது போல, வருகிற வரிசையில் ஒவ்வொரு குறியாகப் பார்த்துக்கொண்டே வருவது. மெமரி செலவில்லை. ஆனால் தாண்டிப் போனதைத் திரும்பிப் பார்க்க முடியாது. யாருடைய பதிவுக்குள் இருக்கிறோம், எந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று படிக்கிற ப்ரோக்ராமே நினைவில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அதை ஒழுங்காக எழுதப் பொறுமை வேண்டும், நேரமும் வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை வழி என்று சொன்னாலே சின்னவளுக்குக் கோபம் வரும். எக்ஸ்எம்எல் என்ற நினைப்பே இல்லாமல், வெறும் எழுத்துக் குவியலாகப் பாவித்து, தொடங்குகிற குறி எங்கே, முடிகிற குறி எங்கே என்று தேடி, நடுவில் இருப்பதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டே போவது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் இப்படிச் செய்துவிட்டு வந்து பல்லைக் காட்டுவார்கள். இதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது, அது தெரிந்த பார்சர் என்கிற ப்ரோக்ராமைக் கொண்டுதான் படிக்க வேண்டும், கத்தரித்தால் என்றைக்காவது கழுத்தை அறுக்கும் என்று அவர்களை உட்காரவைத்து வெளுத்து வாங்குவாள். ஒரு பையன் கண் கலங்கியே போனான்.

போன் அடித்தது. அம்மா.

"அவன் பையக் கட்டிட்டான்டி. வீட்டுக்குப் போறேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டான். சாயங்காலம் வண்டி வரச் சொல்லியிருக்கான். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். நீயாவது பேசு."

"அவன்கிட்ட குடும்மா."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அண்ணனின் குரல் காய்ந்து போயிருந்தது.

"சொல்லு சின்னது."

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் இரு."

"நேத்தும் இதத்தான சொன்ன."

"இன்னும் ஒரு பதிவகம் இருக்கு. ஃபைல் என் கையில இருக்கு."

"கையில இருக்கறத திறக்க முடியலன்னு அழுதியாமே. அம்மா சொன்னா." அவன் சிரிக்கப் பார்த்து இருமினான். "நல்லவேளை, உன்னை நான் லிஃப்ட் வேலைக்குச் சேத்துக்கல. பாதிப் பேரு நடு மாடியில தொங்கிட்டிருப்பாங்க."

"விளையாடாத அண்ணா."

"விளையாடல. இங்க பாரு. குடுக்கறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னா எத்தனை பாட்டில் மருந்து வேணா ஏத்திக்கறேன். ஆள் இல்லாம சும்மா பாட்டில் மட்டும்னா வேண்டாம். போன தடவை நாக்கெல்லாம் உரிஞ்சு ஒரு வாய் தண்ணி முழுங்க முடியல. உனக்குத் தெரியும், நீதான் பக்கத்துல இருந்த. எனக்கு என் கட்டில்ல படுக்கணும். அவ்வளவுதான். அழாத. வெச்சுடுறேன்."

அவள் அழவில்லை. அழுவதற்கு நேரம் இருந்தால்தானே. படுக்கையைக் காலி செய்துவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும், அந்த வார்டுக்கு வெளியே ஒரு வரிசையே காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போனால் சில வாரம். டாக்டர் அதை மெல்லிய குரலில், தன் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆமையின் ப்ரோக்ராம் நாளைக்கு வரும். வண்டி இன்றைக்கு வருகிறது.

அவள் ஆமையைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் என்று கேட்கலாம்தான். கேட்டால் அவர் அவசரப்படுவார், அவசரப்பட்டால் அவர் ஆமை இல்லை.

கத்தரியை எடுத்தாள்.

எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒருவரின் பதிவு தொடங்குகிற குறியைத் தேடு, முடிகிற குறியைத் தேடு, நடுவில் இருக்கிற பத்து அடையாளங்களையும் அண்ணனுடையதோடு ஒப்பிடு, பொருந்தினால் தனியே எடுத்து வை. விரல்கள் தன்னால் எழுதின. தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் தண்ணீருக்குள் மூழ்குகிறவனிடம் போய் நீச்சல் முறை பேச முடியுமா? கோப்பின் முதல் சில பக்கங்களைப் பார்த்தாள். பதிவுகள் ஒழுங்காக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. போதும், இது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓட விட்டாள்.

கணினி இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. அரைக் கப் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்து, கீழே ஒரு வரி வந்தது. பொருந்தியவர்: ஒருவர்.

அவள் அந்தப் பதிவைத் திறந்தாள். பெயர் கிடையாது, பதிவு எண்தான். ஆண், அண்ணனைவிட ஒரு வயது பெரியவர். திரைமேல் விரலை வைத்து ஒவ்வொரு அடையாளமாகப் பார்த்தாள். ஏழாவது வரைக்கும் மூச்சு விடவில்லை. எட்டு. ஒன்பது. பத்து. மறுபடி மேலே போய் முதலிலிருந்து பார்த்தாள். பத்துக்குப் பத்து.

நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆமை எழுந்து வந்து திரையைப் பார்த்தார், எண்ணைத் தன் கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

"வெட்டி எடுத்தீங்களா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல விஷயம்தாங்க. ஆனா என்னோடது முடியட்டும். ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு பார்த்துட்டுச் சொல்லலாம். தேடற பாகத்த மட்டும் சாப்பாட்டுக்குக் கூடப் போகாம உட்கார்ந்து முடிச்சுடுறேன்."

"வண்டி வந்துடும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் படிக்கட்டில் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், செருப்பு மாட்டியிருந்தான். மடியில் பை. தலையில் ஒரு முடி இல்லை, சட்டை யாரோ பெரியவரிடம் கடன் வாங்கினது போலத் தொளதொளத்தது. அவள் வாசலில் நின்று, "ஆள் கிடைச்சாச்சு" என்றாள். அவன் முதலில் நம்பவில்லை. தன்னை இழுத்துப் பிடித்து வைக்க இவள் ஏதோ கதை கட்டுகிறாள் என்று அம்மாவைப் பார்த்தான். சின்னவள் அந்தப் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்த காகிதத்தை நீட்டினாள். அவனுக்கு அதில் எதுவும் புரியாது, இருந்தாலும் வாங்கிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் வந்தார். அவர் பேச்சில் சிக்கனமான பெண்மணி. எண்ணைக் குறித்துக்கொண்டு, "இது சரியான பதிவுதானே?" என்று கேட்டார்.

"நானே எடுத்தது, டாக்டர்."

"இப்பவே அவங்களுக்கு எழுதறேன். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் நோயப் பிடிச்சு நிறுத்தி வெச்சாகணும். அதுக்கு இன்னொரு சுத்து மருந்து, இன்னிக்கே ஆரம்பிக்கணும். போன தடவையவிடக் கடுமையா இருக்கும், மறைக்கல. உடம்பு தாங்காமப் போறதுக்கும் வாய்ப்பிருக்கு. முடிவு அவருதான் சொல்லணும்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று தங்கையிடம் கேட்டான்.

"ஆம்பளை. உன்னைவிட ஒரு வயசு பெரியவரு."

"அப்ப எனக்கு அண்ணன்." அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிறந்ததுலருந்து நானே பெரியவன், நானே பெரியவன்னு இருந்து அலுத்துப் போச்சும்மா. இப்பத்தான் எனக்குன்னு ஒரு அண்ணன் வந்திருக்கான்."

அந்த மத்தியானம் அந்த அறையில் கல்யாண வீடு தோற்றது. அவன் பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னான். பிஸ்கட்டை டீயில் நனைத்து மூன்று சாப்பிட்டான். அவன் மூன்று பிஸ்கட் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. வேலைக்குத் திரும்பினதும் முதலில் இந்த ஆஸ்பத்திரி லிஃப்டைத்தான் பார்க்க வேண்டும், அதன் கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதே ஒரு தனி வியாதி என்றான். அந்த ஆளுக்கு என்ன வாங்கி அனுப்பலாம் என்று கேட்டான். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எது பிடிக்கும், எப்படிப் பேசுவது, அவன் பேசினால் நமக்குப் புரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நர்ஸ் வந்து கையில் ஊசி குத்தி ஒரு பாட்டிலை மாட்டினாள். இது வெறும் உப்புத் தண்ணீரும் வாந்தி வராமல் இருக்க ஒரு மருந்தும்தான், நிஜ மருந்து கீழே தயாராகிறது, இது தீர்ந்ததும் அதை மாட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டில் முக்கால் இறங்கியிருந்தபோது சின்னவளின் போன் அடித்தது. அவள் வெளியே வந்தாள்.

"முடிஞ்சதுங்க," என்றார் ஆமை. "முழுக்க ஓட விட்டுப் பார்த்துட்டேன்."

"சொல்லுங்க."

"பொருந்தினவங்கன்னு யாரும் வரல."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உங்க ப்ரோக்ராம் எங்கயோ தப்புப் பண்ணுது. நம்பர் இருக்கு இல்ல, நீங்களே பார்த்தீங்க. அதைத் தேடிப் பாருங்க."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். அதான் உடனே கூப்பிடல. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த நம்பர் ஃபைல்ல இருக்குங்க. கமெண்ட்டுக்குள்ள இருக்கு."

அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பகுதியை அழிக்காமலே இல்லாததாக ஆக்கிவிட ஒரு வழி உண்டு. முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. அவ்வளவு போட்டால் அது கமெண்ட். இலக்கணம் தெரிந்த பார்சர் அந்த இடம் வந்ததும் வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடும். இலக்கணம் தெரியாத கத்தரிக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே மூடி வைத்திருந்ததையும் சேர்த்து நறுக்கி எடுத்து, இந்தா என்று அவள் கையில் கொடுத்துவிட்டது.

"அந்தப் பதிவகத்துல யாரையும் அழிக்கிற வழக்கம் இல்ல போலங்க," என்றார் ஆமை. "இது மாதிரி நிறைய மூடி வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு தேதியும் அவங்க பாஷையில ஒரு வார்த்தையும் போட்டிருக்காங்க."

"என்ன வார்த்தை?"

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"விலகிட்டாருன்னா திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். மனசு மாறலாம். என்ன வார்த்தைன்னு சொல்லுங்க."

"அகராதியில பார்த்தேன். இறந்துட்டாருன்னு அர்த்தங்க. தேதியும் பழசுதான். மன்னிச்சுக்கங்க."

மன்னிப்புக் கேட்க அவர் என்ன செய்தார், பாவம். அவள் போனைக் கையில் வைத்தபடி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அம்மா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் கூப்பிடாத சொந்தம் பாக்கி இல்லை. பத்துக்குப் பத்தாம்டி, டாக்டரே சொல்லிட்டாங்க, அது யார் பெத்த பிள்ளையோ, நூறு வயசு நல்லா இருக்கணும்.

சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று மறைப்பதில் லாபம் இல்லை. பேசாமல் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மருந்து ஏறும். தாங்கினால் ஒரு மாதம், இரண்டு மாதம் கூடக் கிடைக்கும். அதற்குள் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் புதிதாக ஒருவர் பெயர் கொடுக்கலாம், அவர் பொருந்தலாம். குதிரைக் கொம்புதான், ஆனால் வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. அவன் உயிரோடு இருப்பான், அவளைத் திட்டுவதற்காவது இருப்பான். ஆனால் ஆள் இல்லாமல் பாட்டில் வேண்டாம் என்று அவன் சொன்னது அவளிடம்தான். அவனுடைய நாக்கு உரிந்தபோது பஞ்சை நனைத்து நனைத்து வைத்ததும் அவள்தான். அதை மறுபடி அவன் பட வேண்டும், அதுவும் செத்துப்போன ஒரு மனிதனை நம்பிக்கொண்டு பட வேண்டும், பக்கத்தில் எல்லாம் தெரிந்தவளாக இவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

லிஃப்ட் கதவு பெரிய சத்தத்தோடு திறந்தது. நர்ஸ் வெளியே வந்தாள். உடம்பை மூடின அங்கி, இரண்டு கையிலும் தடித்த உறை, தட்டில் பழுப்பு உறை போட்ட ஒரு பாட்டில். தோலில் ஒரு சொட்டுப் பட்டாலும் புண்ணாகும் என்றுதான் அவளுக்கு அத்தனை கவசம். அதைத்தான் அவன் நரம்புக்குள் விடப் போகிறார்கள்.

சின்னவள் எழுந்து அவளுக்கு முன்னால் உள்ளே போனாள்.

நர்ஸ் அவனுடைய கைப்பட்டையில் இருந்த எண்ணும் பாட்டிலில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாள். காலியான பழைய பாட்டிலைக் கழற்றினாள். அண்ணன் தானாகவே சட்டைக் கையை மேலே இழுத்து விட்டுக்கொண்டான்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் சின்னவள்.

நர்ஸ் நின்றாள். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"அந்த ஆள் இல்லண்ணா."

"எந்த ஆள்?"

"உனக்குக் குடுக்கறவரு. அவரு இறந்து ரொம்ப நாளாச்சு. செத்தவங்கள அவங்க அழிக்காம மூடி வெச்சிருக்காங்க. அவசரத்துல நான் அதையும் சேத்து வெட்டி எடுத்துட்டேன். அப்படிச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவன் மேலே தூக்கிவிட்ட சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"வேற யாரும் இல்லையா?"

"முழுசாத் தேடிப் பார்த்தாச்சு. இல்ல."

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. ஏத்த ஆரம்பிச்சுட்டா பாதியில விட முடியாது. நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்."

"வீட்டுக்குப் போயிடலாம்ணா," என்றாள் சின்னவள். "நீ சொன்னபடியே போயிடலாம். உன் கட்டில்ல படு. நான் லீவு போட்டுட்டு உன்கூடவே இருக்கேன். வண்டிய நானே கூப்பிடுறேன்."

அண்ணன் பழுப்பு உறை போட்ட பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசினபோது அவனுடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"காலையில சொல்லியிருந்தா சரின்னு எழுந்து வந்திருப்பேன் சின்னது. எத்தனை ராத்திரி முழிச்சுக்கிட்டு மனசத் தேத்தி வெச்சிருந்தேன் தெரியுமா? ஒவ்வொண்ணா விட்டேன். வேலைய விட்டேன். அம்மாவ நீ பார்த்துப்பேன்னு அவள விட்டேன். கடைசியில உன்னையும் விட்டுட்டுத்தான் பையக் கட்டினேன். நிம்மதியா இருந்துச்சு, நிஜமா."

"அண்ணா."

"மத்தியானம் நீ வந்து ஆள் இருக்குன்ன. எல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கிச்சு." அவன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். "இப்ப எனக்குச் சாகறதுக்குப் பயமா இருக்கு. இதோட நான் எப்படி வீட்டுக்கு வந்து படுப்பேன்?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் நர்ஸைப் பார்த்தான். இறக்கிவிட்ட சட்டைக் கையை மறுபடி மேலே தூக்கினான். துணி வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது.

"இதக் கொஞ்சம் பிடிச்சுக்க," என்று தங்கையிடம் சொன்னான். அவள் பிடித்துக்கொண்டாள். "போடுங்கம்மா," என்றான் நர்ஸிடம்.